தண்ணி இருந்த எடம்

பெயர் சன்னாசி. வீட்டு வாசலில் நிற்பதோ இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காடி. தெலுக் இந்தானில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. "ஒண்ணு பேர மாத்துங்க, இல்ல காடிய மாத்துங்க" என்று கல்யாண மண்டபங்களில் கேலி செய்வார்கள். சன்னாசி இரண்டையும் மாற்றவில்லை. பெயர் அப்பா வைத்தது. காடி, அவர் செம்பனை ஆலையில் லோரி ஓட்டிய காலமெல்லாம் கனவு கண்டது. எவனோ ஒரு முதலாளி மகன் தண்ணீர் பார்க்காமல் ஓட்டி எஞ்சினை வேகவைத்து, பழைய இரும்புக்குப் போட இருந்ததை இவர் இழுத்துக்கொண்டு வந்து மெக்கானிக் ஆ ஹோக்கின் பட்டறையில் உயிர் கொடுத்தார். விளக்கைப் போட்டால் மூடிக்குள்ளிருந்து இரண்டு கண்ணும் தவளை மாதிரி மேலே எழும்பும். ஊரில் அதற்குத் தவளை என்றே பேர். மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் உறுமி மேளமும் தவளையும் வந்தாக வேண்டும்.

முதலாளி மகன் செய்த பிழையை நினைத்தே சன்னாசிக்குத் தண்ணீர் விஷயத்தில் அப்படி ஒரு பயம். காலையில் கோப்பி குடிப்பதற்கு முன்னால், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே முன் போனட்டைத் திறந்துவிடுவார். இந்தக் காடிக்கு எஞ்சின் முதுகுப் பக்கம் இருக்கிறது. ரேடியேட்டரும் தண்ணீர் டப்பாவும் முன்பக்கம். டப்பா ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது வெற்றிலை போட்டவன் பல் மாதிரி ஆகிவிட்டது. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ரோஸ் நிறக் கூலண்ட் மேல்கோட்டைத் தொட்டு நிற்க வேண்டும். நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்கி, குனிந்து பார்த்து, "இருக்கு" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ருக்குமணிக்குத்தான் அந்த "இருக்கு" தினமும் காதில் விழும்.

"என்னா, தவளைக்குத் தாகமா?"

"அது கொறையவே கொறையாது ருக்கு. என் கைப்படக் கட்டுன பைப்பு."

"அதுக்குக் கொறைஞ்சா ஊத்துவீங்க. எனக்கு ஊத்துனா கொறைப்பீங்க. ஒரே வீட்ல ரெண்டு சட்டம்."

சன்னாசி சிரிப்பார். சிரித்துக்கொண்டே உள்ளே போய் அவளுடைய போத்தலை எடுத்து வருவார். சின்ன போத்தல். அதில் கறுப்பு மையால் அவரே ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு வரைக்கும் இருப்பதுதான் அவளுக்கு அன்றைக்கு முழுக்கக் குடிக்க. கோப்பியும் அதற்குள், மருந்து முழுங்குவதும் அதற்குள், கஞ்சி குடித்தால் அதுவும் அதற்குள்.

இனிப்பு நீர் வியாதி ருக்குமணியின் இரண்டு சிறுநீரகத்தையும் தின்று தீர்த்திருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் கழுவப் போக வேண்டும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, மிஷின் இழுத்தால்தான் உண்டு. தண்ணீர் ஏறினால் நெஞ்சை அடைக்கும் என்று அங்கே நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி நோரைனி முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னதைச் சன்னாசி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. கவனிப்பதற்கு அவருக்கு இருந்தது இரண்டு பேர், ருக்குமணியும் தவளையும்.

ரத்தம் கழுவி வந்ததும் அவளைத் தராசில் ஏற்றுவார். எந்த எடைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று டாக்டர் ஆரம்பத்தில் சொன்னாரோ, அந்த இடத்தில் தராசின் கண்ணாடிமேல் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். முள் டேப்பில் போய் நிற்கும். அப்போதும் "இருக்கு" என்பார். இப்படி ஒரு நாளா, இரண்டு நாளா, வருஷக்கணக்காக முள் அந்த டேப்பை விட்டு நகரவில்லை. "எல்லா வீட்லயும் ஒங்கள மாதிரி ஒரு அங்கிள் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்று மிஸ்ஸி நோரைனி சொன்னதை அவர் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே எத்தனை பேரிடம் சொன்னார் என்று கணக்கே இல்லை.

தாகம் என்றால் நமக்கெல்லாம் என்ன தெரியும்? ஒரு குவளை குடித்தால் தீர்ந்துவிடும் சமாச்சாரம். ருக்குமணிக்கு அது கூடவே குடியிருந்தது. ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மழை பிடித்தால் முகப்பின் ஓரமாக நாற்காலியை நகர்த்தி, தகரத்திலிருந்து வழிகிற தண்ணீரில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பாள். "குடிக்கல, குடிக்கல, சும்மா தொட்டுப் பாக்கறேன்" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லுவாள். அவர் எழுந்துபோய் அவள் வாய் காய்ந்துதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அன்பு இருந்தது. அதற்குமேல் காவல் இருந்தது.

சமையல் அவள்தான். உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அதையும் கொட்டி, சத்தும் ருசியும் போன பிறகு தன் தட்டில் வைத்துக்கொள்வாள். அவருக்கு மட்டும் பாரை மீனைப் புளி கரைத்து மணக்க மணக்கக் குழம்பு வைப்பாள். 

"ஒனக்கும் ஒரு துண்டு வச்சிக்கயேன். மீனுதானே, தண்ணியா?"

"வச்சிருக்கேன், வச்சிருக்கேன். நீங்க சாப்பிட்டு எந்திரிங்க. எனக்குப் பொறுமையா சாப்பிடணும்."

அவர் எழுந்து கை கழுவிவிட்டுத் தவளையைத் துடைக்கப் போய்விடுவார். மாதாமாதம் பார்க்கிற டாக்டர் சாப்பாடு எப்படி என்று கேட்டால், அவள் வாயைத் திறக்கும் முன்னால் இவரே சொல்லுவார்: "நல்லா சாப்பிடுறா டாக்டர், நான் பாத்துக்கறேன்." பார்க்கிறவர்களும் "அக்கா மொகம் நல்லா பூரிச்சிருக்கே" என்றுதான் சொன்னார்கள். தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானதை மட்டும் யாரும் சொல்லவில்லை. படுத்தால் இருமல் வருகிறது என்று அவள் சொன்னாள். பழைய வீடு, ஈரச் சுவர், இருமல் வரத்தானே செய்யும் என்று அவர் சுவருக்குச் சாயம் அடித்தார்.

அன்றைக்கு லங்காப்பில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். இரவு கொட்டிய மழை விட்டு, காலையிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. சன்னாசி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனட்டைத் திறந்து ஊன்றிக்கொண்டு குனிந்தார். அவர் பாரத்தில் காடி ஒரு குலுங்கு குலுங்கியது. ருக்குமணி சுவரைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, காடி ஆடுது. தண்ணி ஆடலியே?"

"நெறைஞ்சிருந்தா ஆடாது."

"தண்ணியப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க? நான் படுத்தா எந்திரிச்சா அதைத்தானே நெனச்சிக்கிட்டிருக்கேன். தண்ணின்னா எங்கயாச்சும் கொஞ்சோ மினுக்கும். இது மினுக்கல. செவுத்துல அடிச்ச சாயம் மாதிரி இருக்கு."

"மேல்கோட்டுல நிக்கிது பாரு. நான் என்ன குருடா?"

"குருடுன்னா சொன்னேன்? மூடியத் தொறந்து பாருங்க. ஆறித்தானே கெடக்கு?"

"நல்ல காரியத்துக்குக் கெளம்புறப்ப விளையாடாத ருக்கு. மணியாச்சி. ஒன் போத்தல மேசை மேல வச்சிருக்கேன், கோடு தாண்டாத."

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சன்னாசி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காடியைக் கிளப்பினார்.

லங்காப் பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கார லோகா தயாராக நின்றான். அவனுக்கும் சன்னாசிக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் இதே சண்டைதான்.

"டேய், முன்வாயில பூ வைக்காத. அதுக்கு மூச்சு அதுலதான்."

"அண்ணே, முன்னால பூ இல்லாட்டி அது கல்யாணக் காடியாண்ணே? சாவு வூட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்."

"நல்ல நாள்ல வாயில நல்லதே வராதா ஒனக்கு?"

கடைசியில் பாதி வாய்க்குப் பூ, பாதி வாய்க்குக் காற்று என்று ஒப்பந்தம் ஆனது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்தான். உறுமி அதிர்ந்தது. முன்னால் இளவட்டங்கள் ஆட, ஓட்டத்துக்கென்றே செய்த அந்தக் காடி ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஊர்வலம் என்றால் சன்னாசியின் கண் சாலையில் பாதி, சூடு காட்டும் முள்ளில் பாதி. முள் நடுவிலேயே நின்றது. ஓர் அணுவும் ஏறவில்லை. பார்த்தாயா என்று மனசுக்குள் ருக்குமணியிடம் சொல்லிக்கொண்டார்.

மண்டபத்தின் வளைவு கண்ணுக்குத் தெரியும்போது முதுகுப் பக்கமிருந்து இனிப்பாக ஒரு கருகல் வாடை வந்தது. பிறகு உள்ளே எதுவோ கரகரவென்று அரைத்தது. தவளை ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செத்த சத்தம். உறுமிக்காரர்கள் விஷயம் தெரியாமல் கொஞ்ச தூரம் அடித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

"என்னாண்ணே, தவளை தண்ணி கேக்குதா?" என்றான் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சகுனமே சரியில்லையேய்யா. இதுக்கா இம்மாந்தூரத்துலேர்ந்து ஒங்களக் கூப்பிட்டோம்?"

மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே போனான். சன்னாசிக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தையெல்லாம் திரட்டி, ஊர்வலத்தோடு வந்த லோகாவின் மேல் கொட்டினார். பூவால்தான் எரிந்தது, நீதான் எரித்தாய் என்று நடுரோட்டில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார். லோகா பூவைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டான்.

இழுவை லோரியோடு ஆ ஹோக் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சீனன், பட்டறையில் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழ் அவன் வாயில் தடையில்லாமல் வரும்.

"பூவ அடைச்சிட்டானுங்க ஹோக். இல்லாட்டி என் காடி கொதிக்குமா?"

ஆ ஹோக் போனட்டைத் தூக்கினான். டப்பாவைப் பார்த்தான். காடியின் மூக்கில் இரண்டு கையையும் வைத்து அமுக்கி அமுக்கி ஆட்டினான்.

"அண்ணே, பாரு. ஆடுதா?"

சன்னாசி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். ரோஸ் நிறம் மேல்கோட்டில் அசையாமல் நின்றது. ஆ ஹோக் திருகாணியைக் கழற்றி டப்பாவை வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. கவிழ்ந்த டப்பாவிலும் அந்த ரோஸ் நிறம் அப்படியே இருந்தது.

"இது தண்ணி இல்லண்ணே. தண்ணி இருந்த எடம். ரொம்ப நாளு ஒரே எடத்துல நின்னு கறை பிடிச்சிருக்கு. அடியில எங்கயோ பைப்பு கசிஞ்சி, கொஞ்சோ கொஞ்சமா எல்லாம் போயிருச்சி."

"முள்ளு நடுவுலதானேடா நின்னிச்சி!"

"தண்ணி தொட்டாத்தான் முள்ளுக்குச் சூடு தெரியும். காத்துல தொங்குனா அதுக்கு என்னா தெரியும்?"

"தெனம் பாத்தேன் ஹோக். ஒரு நாளு விடல."

"பாத்த. கோட்டப் பாத்த. தண்ணின்னா சூட்டுல ஏறும், ஆறுனா எறங்கும். அசையாம ஒரே எடத்துல நின்னிச்சின்னா நீ சந்தேகப்படணும்ண்ணே. நீ சந்தோஷப்பட்டிருக்க."

லோரியில் ஆ ஹோக் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்தார். வழியில் லோகாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

ருக்குமணி அதே நாற்காலியில் இருந்தாள். காடியில் போன ஆள் லோரியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காலியா?"

"காலி."

"கோடு?"

"கறை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணாடியை இறக்குவது போலவும் குனிவது போலவும் செய்து, "இருக்கு! இருக்கு!" என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பிறகுதான் கவனித்தார், அவள் சிரிப்பு நின்ற பிறகும் தோள்கள் நிற்கவில்லை. மூச்சுக்காக அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"என்னாமா? என்னா பண்ணுது?"

"ஒண்ணுல்ல. சிரிச்சேன்ல."

அவளைத் தூக்கி நிறுத்தி, பழக்கத்தில் தராசில்தான் ஏற்றினார். முள் சிவப்பு டேப்பில் போய் நின்றது. "இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தார். அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும் என்று ஆ ஹோக் சொன்னது காதுக்குள் கேட்டது. அவள் கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். ஒரு காலத்தில் சோப்புப் போட்டால்தான் கழலும் என்றிருந்த வளையல் முழங்கையைத் தாண்டித் தோள்வரைக்கும் ஓடியது. காலைப் பெருவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழிந்தே கிடந்தது.

"சாப்பிட்டியா ருக்கு? நெசமாச் சொல்லு. இத்தன நாளும் சாப்பிட்டியா?"

அவள் குனிந்துகொண்டாள். சமையலறைக் கதவோரம் பக்கத்து வீட்டுப் பூனை படுத்திருந்தது. நடக்க முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தது.

"எறங்கலங்க. வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு. நீங்க அளந்து அளந்து எல்லாம் பண்றீங்க. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிஸ்ஸி நோரைனி செய்தி கேட்டு, தன் வேலை முடிந்த கையோடு ஓடி வந்திருந்தாள். அவள்தான் சன்னாசிக்கு விளங்கும்படி சொன்னாள்.

"எடை மாறல அங்கிள், அதுதான் தப்பாப்போச்சி. சதை கரைஞ்சிருக்கு. கரைஞ்ச எடத்துல தண்ணி வந்து நின்னுக்கிச்சி. நாங்களும் பழைய எடை வரைக்கும்தான் தண்ணிய இழுத்தோம், மிச்சம் உள்ளயே நின்னுருச்சி. ஆன்ட்டி நல்லா சாப்பிடறாங்கன்னு நீங்க சொன்னீங்க, நாங்களும் நம்பிட்டோம். அந்தத் தண்ணியச் சுமந்து சுமந்து இருதயம் களைச்சிருச்சி."

யாரைக் குற்றம் சொல்வது? திட்டுவதற்கு இங்கே லோகா இல்லை. சன்னாசி சுவரோடு சாய்ந்து நின்றார். காடி போனால் போகட்டும், அதை இன்னொரு எஞ்சின் போட்டு எழுப்பலாம். இவளுக்கு என்ன போட்டு எழுப்புவது?

மிஷினில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்க ருக்குமணி குறைந்துகொண்டே வந்தாள். முகத்தின் பூரிப்பு வடிந்து கன்ன எலும்பு தெரிந்தது. கழுத்தில் குழி விழுந்தது. கால் குச்சியானது. தண்ணீர் அவளைக் காட்டாமல் மறைத்து வைத்திருந்தது. எல்லாம் போனபின் கட்டிலில் கிடந்தவள் அவர் பார்த்தே இராத ஒரு சின்னப் பொம்பளை. பள்ளிக்கூடப் பிள்ளை அளவுகூட இல்லை. எப்போது இப்படி ஆனாள்? தினமும் பக்கத்தில் இருந்து தராசில் ஏற்றிய நான் எங்கே போயிருந்தேன்? அவருக்கு ஓவென்று அலற வேண்டும் போலிருந்தது. மற்ற நோயாளிகளின் ஆட்கள் பார்க்கிறார்களே என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் மிஷினில் போடும்போதெல்லாம் ரத்த அழுத்தம் விழுந்தது. போட்டார்கள், நிறுத்தினார்கள், மறுபடி போட்டார்கள், நிறுத்தினார்கள். ஆ ஹோக் போன் செய்து எஞ்சினைத் திறக்கட்டுமா என்று கேட்டான். "நீ பாத்து என்னமோ பண்ணு ஹோக்" என்று வைத்துவிட்டார்.

ஒரு பிற்பகல், ஆட்கள் பார்க்க வருகிற நேரம். ருக்குமணி கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள். சன்னாசி பழக்கத்தில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றப் போனார்.

"பஞ்சு இல்லங்க. தண்ணி."

அவர் வெளியே போய் டாக்டரைத் தேடிப் பிடித்தார். வயசில் சின்னவர், நல்ல பிள்ளை. "அவ தண்ணி கேக்கறா டாக்டர். எவ்வளவு குடுக்கலாம்?"

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "எவ்வளவு கேட்டாலும் குடுங்க அங்கிள். இனிமே அளக்க வேணாம்."

சன்னாசி அந்தப் பிள்ளையிடமிருந்து எதிர்பார்த்துப் போனது ஒரு சின்னத் திட்டு. கூடாது அங்கிள், ஒரு வாய்க்கு மேல் கூடாது என்று கண்டிப்பாக ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் சாமி கும்பிட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்.

கேன்டீனில் பெரிய குவளையில் தளும்பத் தளும்ப வாங்கினார். சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு குவளையை உதட்டில் வைத்தார். ஒரு மிடறு போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு மிடறு போனது.

"போதும்" என்றாள்.

"என்னா போதும்? குடி. டாக்டரே சொல்லிட்டாரு. எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாமாம்."

"போதுங்க."

"இன்னுங் கொஞ்சோ. எனக்காக. ஒரு வாய், ருக்கு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். முழுசும் குடி."

அவள் தலையை ஆட்டினாள். குவளையை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க குடிங்க. காலையிலேர்ந்து எதுவும் குடிக்கல நீங்க."

"எனக்குத் தாகமில்ல."

"பொய். எம் முன்னால நீங்க தண்ணி குடிச்சி எத்தன வருஷமாச்சி? பின்னால போயி, கொழாய மெதுவாத் தொறந்து, சத்தமில்லாமக் குடிச்சிட்டு வாயத் தொடச்சிக்கிட்டு வருவீங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா? தண்ணிச் சத்தம் எனக்குக் கேக்காதா? ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பவாச்சும் எம் முன்னால குடிங்க. நான் பாக்கறேன்."

சன்னாசி குவளையை வாயில் வைத்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடக்கு மடக்காக, தொண்டைக்குழி ஏறி இறங்க, அவளுக்குத் தெரியும்படி, குவளையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.